ஒற்றையடிப் பாதை

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய ஊர்களைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பெரும்பாலான தோட்டங்களில் லயங்கள், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு ஒரு திடலும் இருந்தது. விடியற்காலையில் பால் மரம் வெட்டப் போனவர்கள் மாலையில் அந்தத் திடலில் இறங்கிக் காற்பந்து ஆடினார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் தோட்டமே திரண்டு வந்து பார்த்தது.

காற்பந்து ஆர்வம் இன்றும் குறையவில்லை. ஊர்த் திடல்களில் கெடா அணியின் பச்சை மஞ்சள் சட்டையையும் காணலாம். ஐரோப்பியக் கழகங்களின் சட்டைகளையும் காணலாம். அந்தக் கழகங்களின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும் மாணவர்களுக்கு மித்தோமா, குபோ, எண்டோ ஆகிய பெயர்கள் நன்கு தெரியும். மூவரும் ஜப்பானியர். ஓர் ஆசிய நாட்டின் விளையாட்டாளர்கள் இத்தனை பேர் ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்களில் இடம்பெறுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு மலேசியர்களிடம் தனி முக்கியத்துவம் உண்டு. 1972-ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று, 1971-இல் தென்கொரியாவின் சோல் நகரில் நடைபெற்றது. அதில் மலேசியா 3–0 என்ற கோல் கணக்கில் ஜப்பானை வென்றது. தென்கொரியாவையும் வீழ்த்தி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. மூனிக் சென்ற மலேசிய அணியில் சோ சின் ஆனோடு மு. சந்திரன் என்ற தமிழரும் இருந்தார். ஜப்பானிய அணியோ வீட்டில் இருந்தது. அன்று மலேசியாவிடம் தோற்ற நாடு பின்னர் எப்படி இவ்வளவு தூரம் முன்னேறியது? அதன் விடை ஒரே ஆண்டில் நிகழ்ந்த அற்புதத்தில் இல்லை. ஐம்பது ஆண்டு உழைப்பில் இருக்கிறது.

வேலைக்குப் பின் விளையாட்டு

அக்காலத்து ஜப்பானிய விளையாட்டாளர்களும் நம் தோட்டத்து விளையாட்டாளர்களைப் போன்றவர்களே. காற்பந்து அவர்களுக்குத் தொழில் அன்று. அவர்கள் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்துவிட்டு, நிறுவனத்தின் குழுவுக்காக ஆடினார்கள். ஃபுருகாவா மின்சார நிறுவனம், மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, யன்மார் ஆகியவை அப்படிக் குழு வைத்திருந்த நிறுவனங்கள். யன்மார் என்பது வயல் வேலைக்கான இயந்திரங்களைச் செய்யும் நிறுவனம். நெல் விளையும் கெடாவில் அந்தப் பெயர் புதியதன்று.

1964-இல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடைபெறவிருந்தது. சொந்த மண்ணில் தலைகுனியக்கூடாது என்று எண்ணிய ஜப்பானியக் காற்பந்துச் சங்கம், 1960-இல் டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியப் பயிற்றுநரை வரவழைத்தது. தேசிய விளையாட்டாளர்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தவை பந்தை உதைப்பது, நிறுத்துவது, சரியாகக் கடத்துவது ஆகிய அடிப்படைத் திறன்களே. ஒலிம்பிக் முடிந்து விடைபெறும்போது அவர் சில ஆலோசனைகளை விட்டுச் சென்றார். நாடு முழுவதற்குமான லீக் போட்டி வேண்டும். பயிற்றுநர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை.

ஜப்பான் அவற்றை ஏற்றுக்கொண்டது. 1965-இல் எட்டு நிறுவனக் குழுக்களோடு ஜப்பானியக் காற்பந்து லீக் தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலப் பதக்கம் வென்றது. யன்மார் குழுவின் குனிஷிகே கமமோத்தோ ஏழு கோல்கள் அடித்து, அந்தப் போட்டியின் சிறந்த கோலடிப்பாளர் ஆனார்.

ஆனால், இந்த வெற்றி நிலைக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் சோல் நகரில் மலேசியாவிடம் கிடைத்த தோல்வி அதற்குச் சான்று. ஒரு தலைமுறை விளையாட்டாளர்கள் ஓய்வுபெற்றதும், அவர்களின் இடத்தை நிரப்பப் போதுமான ஆள் இல்லை. பதக்கம் வெல்வது ஒன்று. வெற்றியைத் தொடர்வது வேறு என்பதை ஜப்பான் கசப்பாகக் கற்றுக்கொண்டது.

முதலில் நடந்தவர்

1977-இல் ஜப்பானிய விளையாட்டாளர்கள் சிலர் பயிற்சிக்காக ஜெர்மனிக்குச் சென்றனர். அவர்களில் ஒருவர் ஃபுருகாவா மின்சார நிறுவனத்தின் ஊழியரான யசுஹிகோ ஒகுதேரா. அவருக்கு வயது 25. வேகமாக ஓடவும் இடக்காலால் வலிமையாக உதைக்கவும் தெரிந்த அவரை, கொலோன் கழகத்தின் பயிற்றுநர் ஹென்னஸ் வைஸ்வைலர் கவனித்தார். தம் கழகத்தில் சேருமாறு அழைத்தார்.

அந்த அழைப்பை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. ஜப்பானில் அவருக்கு நிலையான வேலை இருந்தது; குடும்பமும் இருந்தது. ஜெர்மன் மொழி தெரியாது. அதற்குமுன் எந்த ஜப்பானியரும் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் ஆடியதில்லை. தோல்வியுற்றால் எப்படித் திரும்புவது என்று கேட்டு அறிய, முன்னால் சென்றவர் ஒருவரும் இல்லை. தயக்கத்திற்குப் பிறகு ஒகுதேரா சம்மதித்தார். முதல் பருவத்திலேயே கொலோன் கழகம் லீக் பட்டத்தையும் ஜெர்மனிக் கிண்ணத்தையும் வென்றது. பின்னர் அவர் ஹெர்த்தா பெர்லின், வெர்டர் பிரேமன் ஆகிய கழகங்களுக்கும் ஆடினார். ஜெர்மனியில் ஒன்பது ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களில் களமிறங்கி, 1986-இல் நாடு திரும்பினார்.

ஒகுதேரா சிறந்த விளையாட்டாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர் ஒருவர் சென்றதால் ஜப்பானியக் காற்பந்து உயர்ந்துவிடவில்லை. அடுத்த பல ஆண்டுகளுக்கு ஐரோப்பாவில் பெயர் சொல்லும்படி வேறு ஜப்பானியர் எவரும் பெரிதாக எழவில்லை. உலகக் கிண்ணத்திற்கும் ஜப்பான் தகுதி பெறவில்லை. தனி ஒருவரின் திறமைக்கு அப்பால் இன்னும் ஏதோ தேவைப்பட்டது.

ஊருக்கு ஒரு கழகம்

அந்தத் தேவையை நிறைவுசெய்ய 1993-இல் ஜே லீக் தொடங்கப்பட்டது. பத்துக் கழகங்கள் முதலில் பங்கேற்றன. விளையாட்டாளர்கள் இனி முழுநேரத் தொழிலராக ஆடலாம். ஆனால், ஜே லீக்கின் உண்மையான சிறப்பு அது கழகங்களுக்கு விதித்த கட்டுப்பாடுகளில் இருந்தது.

முதலாவதாக, ஒவ்வொரு கழகமும் ஓர் ஊரைச் சார்ந்திருக்க வேண்டும். கழகத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயர் வர வேண்டும். இதன்படி மிட்சுபிஷி குழு உராவா நகரின் கழகமாயிற்று. யன்மார் குழு ஒசாக்கா நகரின் செரேசோ கழகமாயிற்று. இரண்டாவதாக, ஒவ்வொரு கழகமும் சிறுவர் குழுக்களையும் இளையர் குழுக்களையும் நடத்த வேண்டும். ஆகவே, ஊரில் பந்து விளையாடும் சிறுவன் வளர்வதற்கு அவன் ஊரிலேயே இடம் உருவானது.

பள்ளிகளும் பின்தங்கவில்லை. குளிர்காலத்தில் நடைபெறும் தேசிய உயர்நிலைப் பள்ளிக் காற்பந்துப் போட்டியைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்வர். கழகத்தில் இடம் கிடைக்காதவர் பள்ளிக்காக ஆடலாம். பள்ளிக்குப் பின் பல்கலைக்கழகத்திற்காக ஆடலாம். ஒரு கதவு மூடினாலும் இன்னொரு கதவு திறந்திருந்தது.

உழைப்புக்கு உடனே பலன் கிட்டவில்லை. 1993 அக்டோபரில் தோஹா நகரில் ஈராக்கோடு நடந்த ஆட்டத்தில் ஜப்பான் முன்னணியில் இருந்தது. வென்றிருந்தால் உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக் கோல் அடித்துச் சமன் செய்தது. கனவு கலைந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அக்கனவு நனவான இடம் மலேசியா. 1997 நவம்பர் 16-ஆம் நாள் ஜோகூர் பாருவில் உள்ள லார்க்கின் அரங்கத்தில் ஜப்பானும் ஈரானும் மோதின. கூடுதல் நேரத்தில் மசாயுக்கி ஒக்கானோ அடித்த தங்கக் கோலால் ஜப்பான் 3–2 என்று வென்று, முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. ஜப்பானியர் அந்த இரவை இன்றும் ‘ஜோகூர் பாருவின் மகிழ்ச்சி’ என்று குறிப்பிடுகின்றனர். 1998 முதல் ஜப்பான் எந்த உலகக் கிண்ணத்தையும் தவறவிட்டதில்லை. மலேசியா இன்னும் ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை.

கடல் கடந்தவர்கள்

ஜோகூர் பாரு வெற்றியின் நாயகர்களில் ஒருவர் ஹிதேத்தோஷி நகாத்தா. அவருக்கு அப்போது வயது 20. அடுத்த ஆண்டு அவர் இத்தாலியின் பெருஜியா கழகத்தில் சேர்ந்தார். தம் முதல் லீக் ஆட்டத்தில், புகழ்பெற்ற யுவெந்துஸ் கழகத்திற்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். பின்னர் ரோமா கழகத்திற்கு மாறி, 2001-இல் இத்தாலிய லீக் பட்டம் வென்ற குழுவில் இடம்பெற்றார்.

எல்லாருக்கும் இத்தகைய வெற்றி கிட்டிவிடவில்லை. நகாத்தாவுக்கு முன், 1994-இல் இத்தாலியின் ஜெனோவா கழகத்திற்குச் சென்ற கசுயோஷி மியூரா அன்றைய ஜப்பானின் மிகப் பெரிய நட்சத்திரம். அங்கே ஒரு பருவத்தில் ஒரு லீக் கோலோடு அவர் நாடு திரும்ப நேர்ந்தது. செரேசோ கழகத்திலிருந்து சென்ற ஷின்ஜி கக்காவா, ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்தோடு இரண்டு லீக் பட்டங்களை வென்றார். 2012-இல் மென்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்து, பிரிமியர் லீக் பட்டம் வென்ற முதல் ஜப்பானியர் ஆனார். ஆனால், அடுத்த பருவத்தில் அவர் பல ஆட்டங்களில் மாற்று விளையாட்டாளர் இருக்கையில் அமர்ந்திருந்தார். 2014-இல் டோர்ட்முண்டிற்கே திரும்பினார்.

ஆயினும், ஒருவர் திரும்பினால் இன்னொருவர் புறப்பட்டார். உலகக் கிண்ண அணிகளின் பட்டியல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1998-இல் ஜப்பானிய அணியின் 22 பேரும் ஜே லீக்கில் ஆடியவர்கள். 2002-இல் நால்வர் ஐரோப்பாவில் ஆடினர். 2022-இல் 26 பேரில் 19 பேர் ஐரோப்பியக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். அந்த 2022 உலகக் கிண்ணத்தில் ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் தலா 2–1 என்று வென்றது. ஜெர்மனிக்கு எதிராகக் கோல் அடித்த ரித்சு தோவான், தக்குமா அசானோ இருவரும் ஜெர்மனியின் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களே.

படிப்படியாக ஏறுதல்

ஜப்பானியர் பலர் நேரே பெரிய கழகத்திற்குத் தாவுவதில்லை. முதலில் பெல்ஜியம், நெதர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் ஒரு நடுத்தரக் கழகத்தில் சேர்கின்றனர். அங்கே ஒவ்வொரு வாரமும் களமிறங்க வாய்ப்புக் கிடைக்கிறது. பெரிய கழகத்தில் அமர்ந்து பார்ப்பதைவிடச் சிறிய கழகத்தில் ஆடுவது நன்று என்பது அவர்களின் எண்ணம்.

பெல்ஜியத்தின் சின்ட் திராய்டன் கழகம் இதற்கு நல்ல சான்று. 2017-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. அதன்பின் ஜப்பானிய இளைஞர்கள் பலர் அங்கே ஆடினர். வத்தாரு எண்டோ 2018-இல் அங்குச் சேர்ந்தார். பிறகு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கழகத்திற்கு மாறி அதன் தலைவரானார். 2023-இல், 30 வயதில், லிவர்பூல் அவரை அழைத்தது. தக்கேஹிரோ தொமியாசுவும் அதே கழகத்தில் தொடங்கி, இத்தாலியின் பொலோனியா வழியாக ஆர்செனலை அடைந்தார்.

கவோரு மித்தோமாவின் பாதை இன்னும் வியப்பானது. சிறுவயது முதல் கவாசாக்கி கழகத்தின் இளையர் குழுக்களில் வளர்ந்த அவருக்கு, பள்ளி முடிந்ததும் தொழில்முறை ஒப்பந்தம் காத்திருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. தம் உடலும் ஆட்டமும் இன்னும் முதிர வேண்டும் என்று கருதி, சுக்குபா பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக் கல்வி பயின்றார். பந்தைக் காலோடு உருட்டிச் சென்று எதிராளியைக் கடக்கும் திறனே அவரது ஆய்வேட்டின் தலைப்பு. பட்டம் பெற்ற பிறகே அவர் தொழில்முறை விளையாட்டாளர் ஆனார். 2021-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கழகம் அவரை ஒப்பந்தம் செய்து, ஓராண்டுக் காலம் பெல்ஜியத்தில் ஆட அனுப்பியது. ஸ்பெயினுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டத்தில், எல்லைக் கோட்டைத் தாண்டப்போன பந்தை மயிரிழையில் திருப்பி அனுப்பியவர் இவர்தான். அந்தப் பந்தைக் கோலாக்கியவர் ஆவோ தனாக்கா. இருவரும் ஒரே தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கால் வலிமை மட்டும் போதாது என்பதை இவர்கள் அறிந்திருந்தனர். நகாத்தா இத்தாலிய மொழியைக் கற்றார். மக்கோத்தோ ஹசேபே ஜெர்மன் மொழி கற்று, 2008 முதல் 2024 வரை ஜெர்மனியிலேயே ஆடி, பின் அங்கேயே பயிற்றுநர் பணியையும் தொடங்கினார். களத்தில் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டும். சக ஆட்டக்காரரின் குரலும் பயிற்றுநரின் கட்டளையும் புரியாவிட்டால், திறமை இருந்தும் பயனில்லை.

கெடாவிலிருந்து ஐரோப்பாவுக்கு

மலேசியர்கள் ஐரோப்பாவுக்குச் சென்றதே இல்லை என்று எண்ணுவது தவறு. மலாக்காவைச் சேர்ந்த லிம் தியோங் கிம் 1980-களின் பிற்பகுதியில் ஹெர்த்தா பெர்லின் கழகத்தில் இருந்தார். முன்னர் ஒகுதேரா ஆடியதும் அதே கழகம்தான். கெடாவில் பிறந்த அக்மால் ரிசால் இளம் வயதிலேயே பிரான்சுக்குச் சென்று, ஸ்ட்ராஸ்பர்க் கழகத்தின் இரண்டாம் நிலைக் குழுவிலும் பின்னர் அகனோ கழகத்திலும் ஆடினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஜப்பானின் கோல் காவலர் எய்ஜி கவாஷிமா சேர்ந்ததும் அதே ஸ்ட்ராஸ்பர்க் கழகத்தில்தான். கிளந்தானைச் சேர்ந்த லுக்மான் ஹக்கிம் 2020-இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கழகத்தில் சேர்ந்தார். ஆனால், முதல் குழுவில் ஆடும் வாய்ப்பு அவருக்கு மிக அரிதாகவே கிடைத்தது.

ஆக, கதவுகள் மலேசியருக்கு மட்டும் மூடியிருக்கவில்லை. வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் நடந்தவர்களுக்கு ஒற்றையடிப் பாதை எப்படி உண்டாகிறது என்பது தெரியும். ஒருவர் ஒருமுறை நடந்தால், மழைக்குப் பின் புல் முளைத்து அடிச்சுவடு மறைந்துவிடும். நாள்தோறும் பலர் நடந்தால்தான் தடம் நிலைக்கும். ஒகுதேராவின் சுவடும் மறைந்திருக்கக்கூடும். ஊர்க் கழகம், பள்ளிப் போட்டி, பல்கலைக்கழகம், பயிற்றுநர் பயிற்சி, தொழில்முறை லீக் என்று ஜப்பான் அடுக்கியவைதாம் அடுத்தடுத்த ஆட்களைத் தொடர்ந்து அனுப்பின. நம் நாட்டிலிருந்து சென்றவர்கள் பெரும்பாலும் தனியாகச் சென்றனர், தனியாகத் திரும்பினர்.

கெடாவுக்குக் காற்பந்துப் பெருமை குறைவன்று. 1990-இல் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்ற கெடா அணி, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம், எஃப்.ஏ. கிண்ணம் ஆகிய மூன்றையும் தொடர்ந்து இரு பருவங்களில் வென்று சாதனை படைத்தது. ஆனால், திறமை முளைவிடும் இடங்கள் மாறிவிட்டன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற நிலங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. தோட்டத்தோடு திடலும் போனது. மாலையில் கூடிய தோட்டக் குழுவும் கலைந்தது. திடல் இல்லாத பிள்ளைக்குத் திறமை இருப்பதை யார் கண்டறிவது?

இதற்கான பொறுப்பு ஒருவருடையது அன்று. குடியிருப்புகளில் திடல்களைக் காப்பது ஊராட்சி மன்றங்களின் கடமை. சிறுவர்களுக்கு அடிப்படைத் திறன்களைச் சரியாகக் கற்பிக்கும் பயிற்றுநர்களை உருவாக்குவது காற்பந்துச் சங்கங்களின் கடமை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறிச் செல்லும் பள்ளிப் போட்டிகள் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ளன. பகாங்கின் காம்பாங்கில் மொக்தார் டஹாரி பயிற்சிக் கழகமும் உள்ளது. அந்தப் படிகளை ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் எட்டச் செய்வது பள்ளிகளும் பெற்றோரும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. படிப்பை விட்டால்தான் விளையாட்டில் உயரலாம் என்ற எண்ணம் தவறானது என்பதற்கு மித்தோமாவே சான்று.

2005-இல் ஜப்பானியக் காற்பந்துச் சங்கம் ஓர் உறுதிமொழியை வெளியிட்டது. 2050-க்குள் உலகக் கிண்ணத்தை வெல்வோம் என்பது அது. அந்த உறுதிமொழியை எழுதியவர்களில் பலர் அந்நாளைக் காண உயிரோடு இருக்கமாட்டார்கள். இருந்தும், 45 ஆண்டுகளுக்குப் பின் ஆடப்போகிறவர்களுக்காக அவர்கள் திட்டமிட்டார்கள். 1971-இல் சோல் நகரில் மூன்று கோல் வாங்கித் தோற்ற நாடு, அந்தத் தோல்வியிலிருந்து கற்ற பாடம் அதுவே.